காளிடாங்காக் குளத்துக்கு ஒரு படித்துறை

பாலிகஞ்ச்
1912, ஆவணி 2

தம்பி சுந்தரேசனுக்கு வைத்தீஸ்வரன் எழுதியது.

காளிடாங்காவில் ஊர்ச்சனம் குடிதண்ணீர்க் குளத்தில் சணல் கட்டுகளை இறக்கிவிட்டார்கள். உன்னோடு இருந்த காலேஜ் மாணவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ரயிலடியில் விட்டுவிட்டார்கள். நீ ஒருவன் மட்டும் அங்கேயே இருக்கிறாய். இதெல்லாம் உன் மாணவன் நிர்மல் என் கிடங்குக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை.

அந்தப் பிள்ளை கிழிந்த சட்டையோடு சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு, "மாஸ்டர்மொஷாய் வரமாட்டேன் என்கிறார்" என்று அழுதான். அவனுக்கு அவலும் வெல்லமும் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவன் தகப்பனார் ஹைகோர்ட்டு வக்கீலாம். என்னைப் போல அவரும் இன்றைக்கு யூனிவர்ஸிடியை வைதுகொண்டிருப்பார்.

உன் காலேஜிலிருந்தும் கடிதம் வந்தது. வீட்டு விலாசத்துக்கு வந்ததால் பிரித்தேன். துர்கா பூஜைக்குள் ஊரார் குளத்தில் சணல் போடுவதில்லை என்று கையெழுத்துப் போடாவிட்டால் யூனிவர்ஸிடி கிராமக் கமிட்டி காளிடாங்கா வேலையை மூடிவிடும், நீ வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கண்டிருக்கிறது. மூடட்டும். நல்ல காரியம்.

வைகாசியில் நம் வீட்டுச் சாப்பாட்டில், பாங்கி ஸ்ரீனிவாசராகவன் பக்கத்து இலையில் இருக்கும்போது, "அண்ணன் விற்கிற ஒவ்வொரு சாக்கிலும் ஓர் ஊரின் குடிதண்ணீர் இருக்கிறது" என்று சொன்னாய். "அந்தச் சாக்குதான் உன்னை எம்.ஏ. வரைக்கும் தூக்கிவந்தது" என்று நானும் சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் இன்னும் திரும்பி வரவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. நீ சொன்னதும் பொய் இல்லைதான். அதற்காக எழுந்து போவதா?

சணலைத் தண்ணீரில் அமுக்கி அழுகவிடாமல் நார் கிடைக்காது. தண்ணீர் எங்கே பக்கமாக இருக்கிறதோ அங்கேதான் குடியானவன் அமுக்குவான். இதைத் தெரிந்துகொள்ள மைக்ராஸ்கோப் வேண்டாம். ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. இந்த வங்காளக் குடியானவன் காரணமில்லாமல் கை ஓங்குகிறவன் இல்லை. இந்த ஜில்லாவில் இத்தனை வருஷம் வாங்கி விற்றவன் சொல்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள்?

உன் அண்ணி ஜகதாம்பாள் என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. கடிதத்தோடு அவள் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் வருகிறது. வந்துவிடு.

வைத்தீஸ்வரன்

*

காளிடாங்கா
22 ஆகஸ்டு 1912

அன்புள்ள அண்ணனுக்கு, சுந்தரேசன் வணக்கம்.

ஊறுகாய் வந்தது. ஊர்க்கோடிக் கொட்டகையில்தான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று தெரிகிறது. அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாசி மாதம் வந்தோம். ராத்திரிப் பள்ளிக்கூடம் திறந்தோம், திரையில் லாந்தர் படம் போட்டுக் காட்டினோம். காய்ச்சல் எப்படி வருகிறது, அழுகிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொன்னோம். மைக்ராஸ்கோப் வழியாகக் குளத்துத் தண்ணீரைப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. குளத்துச் சொந்தக்காரர் ஹரிபத கோஷால் இரண்டு தடவை பார்த்தார். இந்த ஒரு குளத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சணலை வேறு எங்காவது ஊறப்போடுங்கள் என்று கேட்டோம். எல்லோரும் தலையாட்டினார்கள். கமிட்டிக்கு நான் எழுதிய அறிக்கையைப் பெரிய புரொபஸர் செனட் ஹாலில் படித்தார். கை தட்டினார்களாம்.

சணல் அறுப்பு நெருங்கியதும், யாரும் மறந்துவிடக் கூடாதே என்று குளத்தைச் சுற்றி மாணவர்கள் மூங்கில் நட்டார்கள். உச்சியில் சிவப்புத் துணி கட்டினோம். தமுக்கு அடிக்கிறவனைக் கூப்பிட்டு, இனி இந்தக் குளத்தில் யாரும் சணல் போடக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லவைத்தோம். விடிந்து பார்த்தால் குளம் நிறையக் கட்டுகள். கோஷாலே முன்னால் நின்று இறக்கினாராம். மாணவர்கள் தண்ணீரில் குதித்துக் கட்டுகளை வெளியே தள்ளினார்கள். பிறகு நடந்ததை நிர்மல் உங்களிடம் சொல்லியிருப்பான்.

தண்ணீர் இப்போது கருந்தேயிலைக் கஷாயம் போல இருக்கிறது. நாற்றம் சோற்றிலும் வருகிறது. என்னோடு யாரும் பேசுவதில்லை. வைதால்கூடத் தேவலை.

கால்வாய்க் கரையில் மீன்பிடித்துப் பிழைக்கும் பாக்தி ஜனங்களுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவர்கள் தொட்டால் தீட்டு என்று கோஷால் குளத்துப் பக்கம் அவர்களை எப்போதுமே அண்டவிட்டதில்லை. அந்தப் பெண்கள் உச்சி வெயிலில் இன்னோர் ஊர் வரைக்கும் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆறு மாதமாக இதைத் தினம் பார்க்கிறேன். என் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கமிட்டி கேட்டது காய்ச்சலைப் பற்றி மட்டும்தான்.

இப்படியே விட்டுவிட்டு வர மனசில்லை. கோபப்படாதீர்கள்.

சுந்தரேசன்

*

பாலிகஞ்ச்
ஆவணி 11

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கிலே நின்றபடி படித்துச் சிரித்தேன். பக்கத்துக் கடை மார்வாடி என்ன சேதி என்று கேட்டான். சொன்னேன். அவனும் சிரித்தான். கோபப்படாதே, விஷயத்தைக் கேள்.

கோர்ட்டில் ஒருவன் நிலத்தை ஏலம் போட்டால் எடுத்தவனுக்குச் சுவாதீனம் எப்படிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? கோர்ட்டுச் சேவகன் வருவான். தமுக்கு அடிப்பான். நிலத்தில் ஒரு மூங்கிலை நடுவான். அத்தோடு நிலம் கை மாறியது என்று அர்த்தம். சித்பூரில் என் பழைய கிடங்குக்குப் பின்னால் ஒரு விதவையின் தோட்டம் இப்படித்தான் போயிற்று. மூங்கில் இறங்கியதும் அந்த அம்மாள் மண்ணில் விழுந்தாள். இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் தமுக்கும் அடித்தீர்கள், மூங்கிலும் நட்டீர்கள். ஒன்றல்ல, சுற்றிலும். ஆறு மாதமாக நீங்கள் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் இதற்குத்தான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். யூனிவர்ஸிடி குளத்தை ஏலத்தில் எடுத்துவிட்டது! அதனால்தான் ஒரே ராத்திரியில் எல்லோரும் சணலை இறக்கினார்கள். குளம் எங்கள் அனுபோகத்தில்தான் இருக்கிறது என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்ல வேண்டும் அல்லவா? நானாக இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நீ மாயவரத்துப் பிள்ளை. உன் மாணவர்கள் பவானிபூர், ஷியாம்பஜார் பிள்ளைகள். வீட்டில் குழாய்த் தண்ணீர். பட்டணத்தில் மூங்கில் என்றால் பந்தல். ஆனால் அத்தனை புரொபஸர்கள் உட்கார்ந்திருக்கிற கமிட்டியில் அரைக்காணி நிலம் வைத்திருக்கிறவன் ஒருவன்கூடவா இல்லை?

மூங்கிலைப் பிடுங்கிவிடு. மாணவர்கள் வேண்டாம், நீயே பிடுங்கு, எல்லோரும் பார்க்கும்படி. அப்புறம் புறப்பட்டு வா. உன் அண்ணி சொல்கிறாள், அவள் வாக்கிலேயே எழுதுகிறேன்: "அவன் வந்தாத்தான் இந்த வீட்ல நல்ல சமையல். அதுவரைக்கும் உங்களுக்கும் கஞ்சிதான்."

மூன்று நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறேன்.

வைத்தீஸ்வரன்

*

காளிடாங்கா
2 செப்டம்பர் 1912

அண்ணனுக்கு,

ரயிலடியில் விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான்.

சந்தை நாளாகப் பார்த்து மூங்கில்களைப் பிடுங்கினேன். மழைச் சேறு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. கை கிழிந்தது. ஊரே நின்று பார்த்தது. கடைசி மூங்கில் வரவில்லை. கோஷால் இறங்கி வந்து மறுபக்கம் பிடித்தார். வந்ததும் துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு மூங்கிலைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். "மாஸ்டர், உங்க புஸ்தகத்துல கொசு இருக்கு, மூங்கில் இல்லை போல" என்றார். கலாட்டாவுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் சணல் குளத்திலேயே இருக்கிறது. வேறு எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். கால்வாய்க்குக் கொண்டுபோகலாம். ஆனால் அது தொலைவு, அதோடு பாக்திகளின் துறை. அங்கே இவர்கள் கால் வைக்கமாட்டார்கள்.

இத்துடன் நிர்மல் கையில் இரண்டு கற்றை நார் அனுப்புகிறேன். அவன் ஒளிந்து ஒளிந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். நூல் கட்டாதது குளத்து நார். நீல நூல் கட்டியது கால்வாய் நார். கலாட்டாவுக்கு முன்பே, கமிட்டிக்குக் காட்ட வேண்டும் என்று, கோஷாலின் ஒரே வயலில் அறுத்த சணலில் கொஞ்சம் கால்வாயில் ஊறவைத்தேன். மோக்ஷதா என்ற பாக்திப் பெண்ணும் அவள் புருஷனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஓடுகிற தண்ணீர் அழுக்கைத் தங்கவிடுவதில்லை. தினம் தட்டையைக் கிள்ளிப் பார்த்துச் சரியான பதத்தில் எடுக்கச் சொன்னேன். கெமிஸ்ட்ரியில் நான் படித்தது இந்த ஊரில் உதவியது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

உங்கள் கண்ணுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் வேண்டாம்.

சுந்தரேசன்

*

பாலிகஞ்ச்
ஆவணி 24

தம்பிக்கு,

நாரைப் பார்த்தேன். கண்ணால் பார்ப்பதற்கு முன் கை சொல்லிவிட்டது. குளத்து நார் கறுத்துச் சொரசொரவென்று இருக்கிறது. அடிப்பக்கம் பட்டை போகவில்லை. நீல நூல் கட்டியது வெளுத்து, வழவழவென்று, இழுத்தால் நிற்கிறது. பாரசாத் சந்தைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நார் நான் பார்த்ததில்லை. ஆலைக்காரத் துரையின் ஆளிடம் காட்டினேன். எந்த ஊர் என்று கேட்டான். சொல்வேனா? கிழக்கு வங்காளத்துச் சரக்கு என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை சாக்கு விற்றேன். இனி நாரும் வாங்கி ஆலைக்குக் கொடுக்கப்போகிறேன். ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், இதை உன் சேவைக்காகச் செய்யவில்லை. சரக்கு நன்றாக இருக்கிறது, செய்கிறேன். கால்வாயில் ஊறவைத்த நாருக்குக் கூட விலை கிடைக்கும் என்று தெரிந்தால் குளத்தில் எவன் போடுவான்? உன் குளம் உனக்கு, என் நார் எனக்கு.

இதற்காக என் குமாஸ்தா நடராஜனை வெள்ளிக்கிழமை அங்கே அனுப்பியிருக்கிறேன். வரும் வருஷத்துச் சணலுக்கு வீட்டுக்கு வீடு முன்பணம் கொடுத்து எழுதி வாங்கிவரச் சொன்னேன். உன்னிடம் சொன்னால் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்பாய், அதனால் சொல்லவில்லை. ஆறு மாதப் பிரசங்கத்தில் நடக்காதது ஒரு பை ரூபாயில் ஒரே நாளில் நடக்கும், பார்.

வைத்தீஸ்வரன்

*

காளிடாங்கா
13 செப்டம்பர் 1912

அண்ணனுக்கு,

நடராஜன் ஆலமரத்தடியில் ஒரு பகல் முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவரும் வரவில்லை. அவன் வீடுகளுக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். பாவம், அவன் பையைக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். கொட்டகையில் படுக்கவைத்துக் காலையில் ரயில் ஏற்றினேன்.

இது அவுரி விளைந்த ஜில்லா, அண்ணா. முன்பணத்துக்கு இங்கே 'தாதன்' என்று பெயர். துரைமார் அவுரிக்கு இப்படித்தான் வீடு வீடாகத் தாதன் கொடுத்தார்கள். ஒரு தடவை கை நீட்டி வாங்கியவன் பேரன் காலம் வரைக்கும் அடைத்துத் தீரவில்லை. நெல் போட வேண்டிய நிலத்தில் அடித்து அவுரி போடவைத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தத் துடைப்பக் கிழவி அவர்களில் ஒருத்தி. கோஷால் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளைக்காரத் துரை போனாரு, இப்ப மதராஸித் துரை வர்றாரா?" என்று கேட்டார்.

நான் மூங்கில் நட்டேன். நீங்கள் தாதன் அனுப்பினீர்கள். நான் மாயவரத்துப் பிள்ளை, அதனால் தெரியாமல் போயிற்று என்றீர்கள். இத்தனை வருஷம் இந்த ஜில்லாவில் வாங்கி விற்ற உங்களுக்கு ஏன் தெரியவில்லை? நாம் இருவருமே இவர்களுக்கு என்ன வேண்டும் என்று நம் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள்.

கமிட்டியிலிருந்து இன்னொரு கடிதம். பூஜைக்கு முன்னால் கையெழுத்து, இல்லாவிட்டால் மூடல். இப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

சுந்தரேசன்

*

பாலிகஞ்ச்
புரட்டாசி 8

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எனக்கு இதெல்லாம் ஏன் தெரியாது என்று கேட்டிருந்தாய். நான் சரக்கைச் சந்தையில் பார்த்தவன். அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தவன் இல்லை. பதில் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காளிடாங்காவுக்கு வந்தேன். கையில் பணம் எடுத்துவரவில்லை. நேராகக் கோஷால் வீட்டுக்குப் போனேன். உன்னை வந்து பார்க்கவில்லை. நீ பக்கத்தில் நின்றால் யூனிவர்ஸிடி பேசுகிறது என்று அவர் நினைப்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும்.

அந்த வீட்டு வராந்தாவில் நடந்தது இது. முதலில் அவர், "உங்க ஆள் பையோட வந்தானே, பை எங்கே?" என்றார். "வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒருவருக்கும் ஒரு காசு முன்னால் தரமாட்டேன்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாரையும் கையில் கொடுத்தேன். மனுஷனுக்குச் சணல் தெரியும். நீல நூல் கட்டியதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது என் வயல்ல விளைஞ்சதா?"

"உங்கள் வயல்தான். கால்வாய்த் தண்ணீர்."

"பாக்தித் துறையில போட்டதா?"

"தண்ணீருக்கு ஜாதி எழுதியிருக்கிறதா மொஷாய்? நாரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கையில்தான் இருக்கிறது."

சிரிக்கவில்லை. ஆனால் நாரைக் கீழே வைக்கவும் இல்லை. மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. எந்தக் குளத்துத் தண்ணீர் என்று கேட்டேன். தள்ளி இருக்கிற ஓர் ஊர்க் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவருகிறார்களாம். சொந்தக் குளத்தைத் தானே கெடுத்துவிட்டு அடுத்த ஊரில் போய்த் தண்ணீர் கேட்பது அவருக்கு அவமானமாக இருக்கிறது. அதைத் தொட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். நல்ல விலை கிடைத்தால் வரும் வருஷம் கால்வாய்க்குக் கொண்டுபோகத் தடையில்லை, தண்ணீரில் இறங்குகிற வேலையைப் பாக்திகள் கூலிக்குச் செய்யட்டும் என்றார். பாதி முடிந்தது.

பாக்திப் பெண்கள் குளத்தில் தண்ணீர் எடுக்கும் பேச்சை மட்டும் நீ இப்போது எடுக்காதே. ஒன்று முடியட்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் நழுவும்.

திரும்பும்போது மூங்கில் புதர்ப் பக்கமாக வந்தேன். நீ கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சோதனைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாய். முதுகுதான் தெரிந்தது. ரொம்ப மெலிந்திருக்கிறாய். கூப்பிடவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குளம் கெட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். குளம் தேறினால் அங்கேயே இருந்துவிடுவாய். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

வைத்தீஸ்வரன்

*

காளிடாங்கா
30 செப்டம்பர் 1912

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கே மோக்ஷதா சொன்னாள்: "கறுப்புக் கோட்டுப் போட்ட பாபு ஒருத்தர் புதர் ஓரமா நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தார். கடன்காரனா?" என் அண்ணன் என்றேன். "பின்னே ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள்.

ரயிலுக்கு நேரமாகவில்லை, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை சாயந்திர ரயில் தாமதமாகத்தான் வரும்.

இப்போது காரியம். கோஷால் ஆள் அனுப்பிப் பாக்திகளைக் கூலிக்குக் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் சத்தியம். அவர்கள் என் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை. அது கோஷால் வீட்டு அம்மன் பூஜை நடக்கும் சண்டி மண்டபத்தில் நடந்தது, அதற்குள் அவர்களை யார் விடுவார்கள்? யாருக்காகப் பள்ளிக்கூடம் என்று சொன்னேனோ அவர்கள் நுழைய முடியாத இடமாகப் பார்த்துத் திறந்திருக்கிறேன். இதையும் அறிக்கையில் எழுதவில்லை.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். மோக்ஷதா கோஷாலின் ஆளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க சணலுக்கு நாங்க இடுப்பளவு தண்ணியில நிக்கணும். அட்டை கடிக்கும், கால் அழுகும், நிக்கிறோம். அந்தச் சணல் வெளுத்து உங்க குளம் சுத்தமாகும். அந்தக் குளத்துல எங்க பானை நனையக் கூடாதா? அப்ப உங்க சணலை நீங்களே நனைச்சுக்கோங்க." அந்த ஆள், "ரொம்பப் பேசுற" என்றான். "பேசறதுக்குக் கூலி கேக்கலையே" என்றாள்.

ஊர் இரண்டாக நிற்கிறது. கோஷால் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காதே என்று எழுதினீர்கள். நான் பிடிக்கவில்லை. அவர்களே சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவிழ்த்தால் உங்கள் நாரும் இல்லை, என் குளமும் இல்லை.

எனக்குப் பேரம் பேசத் தெரியாது, அண்ணா. இது பேரம்தான். நீங்கள் வர வேண்டும். இந்தத் தடவை கூப்பிடுங்கள்.

சுந்தரேசன்

*

பாலிகஞ்ச்
புரட்டாசி 29

தம்பிக்கு,

காளிடாங்காவில் வாயால் பேசி முடித்ததை எழுதிவைப்பது என் தொழில் பழக்கம். நான் கூப்பிட்டு நீ பக்கத்திலேயே இருந்தாய் என்றாலும் எழுதுகிறேன். கடைசியில் இருக்கிற ஷரத்துகளை மட்டும் கமிட்டிக்குப் பார்த்து எழுதிக் கொடு.

கோஷாலிடம் நான் தர்மம் பேசவில்லை என்று உனக்கு மனக்குறை இருக்கும். கால்வாயில் இறங்க ஆள் இல்லாவிட்டால் வெள்ளை நார் இல்லை, வெள்ளை நார் இல்லாவிட்டால் எனக்குக் காளிடாங்காவில் வேலை இல்லை, மார்வாடியின் தரகன் அடுத்த ஊரில் எனக்கு நார் கொடுக்கக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன். அவ்வளவுதான். அந்தத் தரகன் இன்னும் பிறக்கவில்லை. அது எனக்கும் உனக்கும் தெரிந்தால் போதும். கோஷால் ஹூக்காவைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணியைப் பிரிக்க முடியாது. படியையாவது பிரிச்சுக்குவோம்" என்றார். உன் முகம் சுருங்கியது. பார்த்தேன். மோக்ஷதா முகம் சுருங்கவில்லை. "படி எப்படி இருந்தா என்ன, பானை நனைஞ்சா சரி" என்றாள். வாங்குகிறவளே சரி என்ற பிறகு நடுவில் நமக்கு என்ன?

போதாது என்று நீ சொல்வாய். போதாதுதான். இந்த வருஷத்துக்கு இதுதான் கிடைத்தது.

பெரிய புரொபஸரை நேற்று அவர் வீட்டில் பார்த்தேன். லாந்தர் படத்தால் காளிடாங்கா திருந்தியது என்று அறிக்கையில் போடப்போகிறாராம். போட்டுக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். யூனிவர்ஸிடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இனி அப்படிச் சொல்ல வாய் வராது. அது அனுப்பிய படத்தாலும் பிரசங்கத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. அது அனுப்பிய ஆள் அடி வாங்கிய பிறகும் திரும்பி வராமல் தண்ணீரிலே நின்றான். எனக்கு நார் கிடைத்தது அதனால்தான். இதை அறிக்கையில் எப்படிப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

இனி பேசி முடித்தவை.

வரும் ஆடியிலிருந்து கோஷால் குளத்தில் ஒருவரும் சணல் போடுவதில்லை. மாசியில் தண்ணீர் இறைத்துச் சேறு எடுப்பது ஊர்ப்பொறுப்பு. சணல் முழுவதும் கால்வாயில் ஊறும். இறங்குகிற பாக்திகளுக்கு நாள்கூலி, அதைச் சணல்காரன் அன்றன்றைக்கே கொடுக்க வேண்டும். குளத்தின் மேற்குக் கரையில் செங்கல் படித்துறை ஒன்று, செலவு என்னுடையது. அதில் பாக்திப் பெண்கள் எந்த வேளையும் தண்ணீர் எடுக்கலாம், தடுக்கிறவன் நாரை நான் வாங்கமாட்டேன். வெளுத்த நாருக்குப் பாரசாத் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதற்கு மேல் மணங்குக்கு ஆறணா. எடை கால்வாய்க் கரையில், எல்லோர் கண் முன்னால். அங்கேயே ரொக்கம். முன்பணம் ஒருவருக்கும் இல்லை. கோஷாலும் ஊராரும் கையெழுத்துப் போட்டார்கள், மோக்ஷதா புருஷன் கட்டைவிரல் வைத்தான்.

உனக்குக் காலேஜில் வரும் ஆவணி வரைக்கும் சம்பளமில்லாத ரஜா. அரிசியும் பருப்பும் நம் வீட்டிலிருந்து வரும். அதற்குப் பதிலாக நீ ஒத்துக்கொண்டது: ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பாலிகஞ்சுக்கு வர வேண்டும், கடைசி வாய் மோர்ச்சோறு வரைக்கும் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்கக் கூடாது. நான் ஒத்துக்கொண்டது: அந்த நாளில் சாக்கைப் பற்றியோ எம்.ஏ.வைப் பற்றியோ வாயைத் திறப்பதில்லை.

வைத்தீஸ்வரன்